அந்தப் பத்து டாலர்

2009 நவம்பரில் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாட்டை வெளியிட்டது. கணினிப் பதிப்புக்கு அமெரிக்காவில் வைத்த விலை 59.99 டாலர். எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் அதே விலைதான். அதுவரை வழக்கம் வேறாக இருந்தது. பெரிய நிறுவனத்தின் புது விளையாட்டு என்றால் கன்சோலில் அறுபது டாலர், கணினியில் ஐம்பது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததிலிருந்து இந்தப் பத்து டாலர் இடைவெளி ஏறக்குறைய எழுதாத சட்டமாக இருந்தது. அதை ஆக்டிவிஷன் ஒரே நாளில் துடைத்தது. போதாக்குறைக்கு, ஆட்டக்காரர்கள் தாங்களே தனி சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும் வசதியையும் அந்தக் கணினிப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. விலை கூடியது, பொருள் குறைந்தது. எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்துகள் குவிந்தன. விளையாட்டு என்னவோ அமோகமாக விற்றது. மறு ஆண்டு ஜூலையில் பிளிஸார்டின் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வந்தது. கன்சோல் பக்கமே எட்டிப் பார்க்காத விளையாட்டு அது. அதற்கும் 59.99.

கணினி விளையாட்டு கன்சோல் விளையாட்டைவிட மலிவாக இருக்க வேண்டுமா என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. இருதரப்பிலும் பெரும்பாலும் கேட்பது பழக்கத்தின் குரல்தான். ‘எப்போதும் அப்படித்தானே இருந்தது’ என்கிறது ஒரு தரப்பு. ‘ஒரே விளையாட்டுக்கு ஏன் இரண்டு விலை’ என்கிறது மற்றது. அந்தப் பத்து டாலர் எங்கிருந்து வந்தது, யார் பைக்குப் போனது என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கதை 1979இல் தொடங்குகிறது. அட்டாரி நிறுவனத்திலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் சிலர் சேர்ந்து, அட்டாரியின் கன்சோலில் ஓடக்கூடிய விளையாட்டுகளைத் தாங்களே எழுதி விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கன்சோல் செய்தவரைத் தவிர வேறொருவர் அதற்கு விளையாட்டு விற்பது அதுவரை கேள்விப்படாத காரியம். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசம் ஆனது: புதியவர்கள் ராயல்டி கட்ட வேண்டும், தொடர்ந்து விற்கலாம். அந்தப் புது நிறுவனத்தின் பெயர் ஆக்டிவிஷன். கன்சோல் உரிமையாளருக்கு இன்னொருவர் கப்பம் கட்டும் வழக்கத்தின் முதல் அத்தியாயத்தில் இருந்த அதே பெயர், முப்பது ஆண்டு கழித்துக் கணினி விலையை அறுபதுக்கு ஏற்றிய அத்தியாயத்திலும் வருகிறது. வரலாற்றுக்குச் சில சமயம் இப்படி ஒரு குறும்பு.

அட்டாரியின் கன்சோலில் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் காட்ரிட்ஜ் செய்து விற்கலாம். பலர் விற்றார்கள், கடைகளில் குப்பை குவிந்தது, 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. இதிலிருந்து பாடம் படித்தது ஜப்பானின் நிண்டெண்டோ. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கன்சோலில் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. காட்ரிட்ஜில் அதற்கு இணையான சிப் இருந்தால்தான் விளையாட்டு ஓடும், அந்தச் சிப் நிண்டெண்டோவிடம் மட்டுமே கிடைக்கும். விளையாட்டு எழுதும் நிறுவனங்களுக்கு அது விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. காட்ரிட்ஜை நிண்டெண்டோதான் தயாரிக்கும், குறைந்தபட்ச ஆர்டருக்கு முன்பணம் தர வேண்டும், ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் கூடாது, அதே விளையாட்டை இரண்டு ஆண்டு வேறு கன்சோலுக்குத் தரக் கூடாது. கொனாமி நிறுவனம் ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே ‘அல்ட்ரா’ என்ற இன்னொரு பெயரில் கடை விரித்தது.

தரம் காக்கத்தான் இந்தப் பூட்டு என்று நிண்டெண்டோ சொன்னது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பூட்டு ஒரு சுங்கச்சாவடியாகவும் இருந்தது. அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு பெட்டியும் காசு கட்டியாக வேண்டும். கட்டியவர் தன் கையை விட்டா கட்டினார்? விலையில் ஏற்றினார்.

பூட்டு இல்லாத இடத்தில் விலை எப்படி இருந்தது என்பதற்கு அதே காலத்துப் பிரிட்டன் நல்ல சான்று. 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டுகள் சாதாரண ஆடியோ கேசட்டில் வந்தன. கேசட் பதிவுசெய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1983இல் தொடங்கிய மாஸ்டர்ட்ரானிக் என்ற நிறுவனம் ஒரு விளையாட்டை 1.99 பவுண்டுக்கு விற்றது, அதுவும் பத்திரிகைக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும். பள்ளிப் பையன் கைச்செலவுக்குள் அடங்கும் விலை. சில ஆண்டுகளில் சேகா, நிண்டெண்டோ கன்சோல்கள் அங்கே கால் ஊன்றியபோது ஒரு காட்ரிட்ஜ் முப்பது, நாற்பது பவுண்டு ஆனது. காட்ரிட்ஜுக்குள் இருந்த சிப்புகள் விலை கூடியவைதான். கேசட்டோடு நேராக ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் சிப்பின் விலை அல்ல என்று பிரிட்டனின் ஏகபோக, இணைப்பு ஆணையமே விசாரித்துச் சொன்னது. 1995 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, சேகாவும் நிண்டெண்டோவும் கன்சோலின் விலையைத் தாழ்த்தி விளையாட்டின் விலையை உயர்த்தி வைத்திருக்கின்றன, உரிம ஒப்பந்தங்களின் பிடியால்தான் அது முடிகிறது என்று கண்டது. அந்தப் பிடியைத் தளர்த்தவும் பரிந்துரைத்தது. சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் ஐரோப்பாவுக்கு வந்தது, விலை குறைந்த சிடியோடு. காட்ரிட்ஜ் போனது. உரிமத்தொகை போகவில்லை.

இந்த உரிமத்தொகைக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. கன்சோலை நட்டத்துக்கோ அடக்க விலைக்கோ விற்று, அந்தப் பள்ளத்தை விளையாட்டிலிருந்து வரும் பங்கால் நிரப்புவது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. 2006இல் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலையில் வந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பாகங்களும் தயாரிப்பும் சேர்ந்து எண்ணூறு டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டது. 2021 மே மாதம் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் தங்கள் நிறுவனம் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். ஆக, கன்சோல்காரர் விளையாட்டுக்குக் கூடுதலாகத் தரும் பத்து டாலர், பெட்டியை வாங்கும்போது அவருக்கு விட்டுக்கொடுத்த தொகையின் தவணை. மொத்தத்தில் அவர் ஏமாறவில்லை. (நிண்டெண்டோ இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் ஆள். ‘வீ’ கன்சோலை லாபத்துக்கே விற்றது, உரிமத்தொகையையும் வாங்கியது.)

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் போட்ட கணக்கில், அறுபது டாலர் கன்சோல் விளையாட்டில் உரிமத்தொகை ஏழு முதல் பத்து டாலர் வரை வந்தது. அதாவது கணினிக்கும் கன்சோலுக்கும் இருந்த இடைவெளியும் உரிமத்தொகையும் ஏறக்குறைய ஒரே அளவு. கணினி வைத்திருப்பவர் தன் பெட்டியை முழு விலை கொடுத்து வாங்கியவர். அவருக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே தவணையும் இல்லை. என் வாதத்தின் அச்சு இதுதான்: கணினி விளையாட்டு மலிவாக இருந்தது தாராளத்தால் அல்ல, அங்கே அடைக்க வேண்டிய கடன் இல்லாததால். 2009இல் விலை ஏறியபோது அந்தக் கடன் மட்டும் புதிதாக முளைத்துவிடவில்லை.

பிறகு அந்தப் பத்து டாலர் எங்கே போனது? தொடக்கத்தில் பதிப்பாளரிடம். பிறகு அதில் பெரும்பகுதியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் 2003 செப்டம்பரில் வந்தது. சொந்த விளையாட்டுகளைப் புதுப்பிக்கும் கருவியாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் கணினி விளையாட்டுக்கான மிகப் பெரிய கடையானது. ஒவ்வொரு விற்பனையிலும் அது எடுக்கும் பங்கு 30 சதவீதம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இணையக் கடைகளும் அதே 30 சதவீதம்தான் எடுக்கின்றன. பெட்டிக்கு ஒரு காசு தராத கடை, பெட்டிக்குப் பணம் போட்ட கடையின் அதே பங்கை வாங்குகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 2018 இறுதியில் வால்வ் ஒரு சலுகை அறிவித்தது: ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் பங்கு 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். மூன்று பேர் சேர்ந்து வாடகை அறையில் எழுதிய விளையாட்டுக்கு 30, பெரு நிறுவனத்துக்கு 20. தள்ளுபடி தேவைப்படாதவருக்குத் தள்ளுபடி.

வால்வ் சும்மா உட்கார்ந்து வாங்குகிறது என்றும் சொல்ல முடியாது. சேமித்த ஆட்டத்தை எந்தக் கணினியிலும் தொடரும் வசதி, விமர்சனப் பகுதி, மாட்களைப் பகிரும் இடம், 2015 ஜூன் முதல் பணம் திரும்பத் தரும் முறை எல்லாம் அந்தப் பங்கில் அடங்கும். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணம் திரும்பும். கன்சோல் கடைகளில் இன்றும் இவ்வளவு எளிதல்ல. இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. விளையாட்டை எழுதியவர், அதை ஸ்டீமில் திறக்கும் குறியீடுகளான ஸ்டீம் கீகளை உருவாக்கி வேறு கடைகளில் விற்கலாம், அதில் வால்வ் பங்கு கேட்பதில்லை. கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் வெளியாகும் நாளிலேயே ஒரு புது விளையாட்டைப் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்து விற்பது இதனால்தான். அட்டையில் எழுபது என்று இருந்தாலும், தேடத் தெரிந்தவருக்குப் பழைய பத்து டாலர் இன்றும் இப்படி ஒரு சந்து வழியாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் கடைப் பங்கு குறைந்தால் விலை குறையுமா என்ற கேள்விக்குச் சந்தையே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் 12 சதவீதப் பங்கு மட்டும் எடுக்கும் கடையைத் திறந்தது. 2019 பிப்ரவரியில் வெளியான ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ கடைசி நேரத்தில் ஸ்டீமை விட்டு எபிக்குக்கு மாறியது. அமெரிக்காவில் ஸ்டீமில் 59.99 என்றிருந்த விலை எபிக்கில் 49.99 ஆனது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டீமில் 59.99க்கு விற்றால் 30 சதவீதம் போகப் பதிப்பாளர் கையில் நிற்பது சுமார் 42 டாலர். எபிக்கில் 49.99க்கு விற்றால் 12 சதவீதம் போக நிற்பது சுமார் 44 டாலர். வாங்குபவருக்குப் பத்து டாலர் மிச்சம், விற்பவருக்கு இரண்டு டாலர் கூடுதல். இந்த வாதத்தில் இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

சான்று தெளிவு என்பதற்காக அதை எல்லாருக்கும் பொருந்தும் விதியாக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ கணினிக்கு எபிக் கடையில் மட்டும் வந்தது. விலை 59.99. குறைந்த பங்கின் பலன் முழுவதும் பதிப்பாளர் பக்கமே நின்றது. எபிக் கடை நட்டத்தில் ஓடுவதும் பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. அதனால் 12 சதவீதம் ஒரு கடைக்குத் தாக்குப்பிடிக்கும் பங்கா என்பதே கேள்விக்குரியது. இருந்தும் 2023 அக்டோபரில் எபிக் தானே பதிப்பித்த ‘ஆலன் வேக் 2’ வந்தபோது கணினியில் 49.99 டாலர், கன்சோலில் 59.99. இரண்டுக்கும் அப்போது டிஸ்க் கிடையாது, இரண்டும் பதிவிறக்கம்தான். அட்டைப் பெட்டிச் செலவு, லாரிச் செலவு என்று எதையும் காரணம் காட்ட வழியில்லாத இடத்தில் அதே பத்து டாலர் திரும்ப வந்து நின்றது.

கடைக்குக் கடை விலை மாறாமல் இருப்பதற்கு வால்வே காரணம் என்று ஒரு வழக்கும் நடக்கிறது. 2021இல் வுல்ஃபயர் என்ற சிறு நிறுவனம் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அது. பிற கடைகளில் குறைத்து விற்பவர்களை வால்வ் தடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. வால்வ் மறுக்கிறது. 2024இல் அது பல பதிப்பாளர்கள் சார்பான கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது. தீர்ப்பு எப்படிப் போனாலும், பங்கு குறைந்த கடையில் விலையும் குறையாதது ஏன் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது. கன்சோல் என்பது ஒரே வன்பொருள், அதற்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். கணினி என்பது எண்ணற்ற சேர்க்கைகள்: இந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, அந்தப் பிராசசர், பழைய டிரைவர். எல்லாவற்றிலும் ஓட வைப்பதற்குச் செலவு உண்டு. உண்மைதான். ஆனால் அந்தச் செலவைச் செய்தவர்கள் அதைக் கேட்கட்டும். 2015 ஜூனில் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கணினிப் பதிப்பு ஓடாமல் திணறி, விற்பனையையே நிறுத்திவிட்டு அக்டோபரில்தான் திரும்ப வந்தது. 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம் கணினிக்கு வந்தபோதும் முதல் வாரங்கள் இதே திணறல். நூறு ரகக் கணினியில் ஓட வைக்கும் உழைப்புக்குக் கூலி கேட்பவர், பல சமயம் அந்த உழைப்பை வாங்கியவர் தலையில் கட்டிவிடுகிறார். திருட்டு நகல் என்ற இன்னொரு எதிர்வாதம் இப்போது அதிகம் எடுபடுவதில்லை. திருடுபவர் கொடுக்காத பணத்தை நேர்மையாக வாங்குபவர் கொடுக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

விலையைப் பேசும்போது, அந்த விலைக்கு எது கைக்கு வருகிறது என்பதையும் பேச வேண்டும். கன்சோல் டிஸ்க்கை ஆடி முடித்த பின் விற்கலாம், நண்பருக்குத் தரலாம். 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அதைக் கட்டுப்படுத்தப் பார்த்து, எதிர்ப்பு தாங்காமல் ஒரே மாதத்துக்குள் பின்வாங்கியது. கணினியில் அந்த உரிமை சத்தமில்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்டீமில் வாங்கியது வாங்கியவர் கணக்கோடு ஒட்டியது, கைமாற்ற முடியாது. பிரான்சின் நுகர்வோர் சங்கம் ஒன்று இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2019இல் பாரிஸ் நீதிமன்றம் மறுவிற்பனை உரிமை உண்டு என்றது, 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எழுபது டாலருக்கு டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு முப்பதுக்கு விற்பவருக்கு உண்மையில் ஆன செலவு நாற்பது. அதே எழுபதை ஸ்டீமில் கொடுப்பவருக்கு எழுபதும் செலவு. உரிமை குறைந்த பொருளுக்கு விலையும் குறைய வேண்டும் என்பது எந்தச் சந்தையிலும் சாதாரண அறிவு.

கன்சோல்காரர் பக்கத்தில் வேறொரு சுமை. மற்றவர்களோடு இணையத்தில் ஆட அவர் சந்தா கட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸில் 2002 முதல், பிளேஸ்டேஷனில் 2013இல் பி.எஸ்.4 வந்தது முதல், நிண்டெண்டோவில் 2018 முதல். பிளேஸ்டேஷனின் அடிப்படைச் சந்தா 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 79.99 டாலர் ஆனது. கணினியில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கன்சோலை மலிவாக வாங்கியதன் தவணையை அவர் விளையாட்டில் ஒருமுறை, சந்தாவில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் கட்டுகிறார்.

இந்தியச் சந்தையில் இந்த இடைவெளியை ரூபாயிலேயே பார்க்கலாம். 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாய் விலைக்கு மாறியது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம் பி.எஸ்.5இல் இங்கே 4,999 ரூபாய், கணினிக்கு வந்தபோது 3,999. ஏறக்குறைய ஏழு மாதம் தாமதம், ஆயிரம் ரூபாய் குறைவு. சோனி போன்ற கன்சோல் நிறுவனமே தன் விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவரும்போது பழைய வித்தியாசத்தை மதிப்பது வேடிக்கைதான். அதற்குத் தாராளம் காரணமாக இருக்காது. கணினிச் சந்தையில் கடைகள் பல, வாங்குபவர் காத்திருக்கப் பழகியவர், ஆண்டுக்குச் சில முறை வரும் ஸ்டீம் தள்ளுபடிக்காக விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு ஓராண்டுகூடப் பொறுத்திருப்பார் என்பது சோனிக்குத் தெரியும்.

இத்தனையும் கன்சோல் பெட்டி நட்டத்துக்கு விற்கப்படுகிறது என்ற அடிப்படையில் நின்று சொன்னவை. அந்த அடிப்படையே இப்போது ஆடுகிறது. 499 டாலர் பி.எஸ்.5 இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி 2021 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. பழைய காலத்தில் ஒரு கன்சோல் வந்து சில ஆண்டுகளில் அதன் விலை இறங்கும். பி.எஸ்.5இன் விலை 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஐம்பது டாலர் ஏறியது. விளையாட்டின் விலையும் 2020இல் எழுபது டாலர் ஆகி, 2025 ஜூனில் நிண்டெண்டோவின் ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ மூலம் எண்பதைத் தொட்டுவிட்டது. பெட்டிக்கு விட்டுக்கொடுத்த காசு வசூலாகிவிட்டது என்றால் தவணை இன்னும் எதற்கு? கணினி விளையாட்டு மலிவாக இருக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் நாளை கன்சோல்காரர்களையும் தங்கள் பக்கம் அழைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் கடையில் விளையாட்டுகளுக்கான தன் பங்கை 12 சதவீதமாகக் குறைத்தது, எக்ஸ்பாக்ஸ் கடையில் 30 சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டது. ஒரே நிறுவனம், ஒரே விளையாட்டு, இரண்டு பங்கு. எழுபது டாலர் விளையாட்டில் இந்த வித்தியாசம் 12.60 டாலர். இரண்டு கடையிலும் அட்டை விலை பெரும்பாலும் ஒன்றுதான். அந்த 12.60 வாங்குபவரிடம் வந்து சேரவில்லை.